கட்டிலோரப் பெட்டி

அப்பாவின் கட்டிலோரப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் படத்துக்குப் போடத் தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரத்தோடு ரோஷினி அறை வாசலிலேயே நின்றாள். அவர் நெஞ்சில் பொருத்திய பேஸ்மேக்கர் பக்கத்தில் இருந்தால்தான் அந்த விளக்கு எரியும். அவர் தூங்கும்போது துடிப்பைப் படித்துக் கிளினிக்குக்கு அனுப்புவது பெட்டியின் வேலை. நெருப்பில் வெடித்துவிடும் என்று மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே அந்தக் கருவியை எடுத்துவிட்டார்கள். சாம்பலையும் கடலில் கரைத்தாயிற்று.

பெட்டி கெட்டுப்போயிருக்கும். ஜன்னலுக்கு வெளியே குவீன்ஸ்டவுன் நிலையத்தை விட்டுக் கிளம்பிய ரயிலின் இரைச்சல் மெல்லத் தேய்ந்து, பக்கத்து வீட்டில் மிளகாய்ச் சம்பல் வதக்கும் நெடியும் அடங்கியபின், அதற்கடியிலிருந்து அப்பா தேய்க்கும் கோடாலித் தைலத்தின் வாசம், இப்போதுதான் தேய்த்ததுபோல, எழுந்து வந்தது.

கைப்பேசி ஒலித்தது. இதயநோய்க் கிளினிக்கிலிருந்து மரியம்மாள் சிஸ்டர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரோஷினி, அங்கிளுக்கு ராத்திரியெல்லாம் துடிப்பு ஓடுது லா. யாரு அவர பயமுறுத்துறது, நீயா?"

சிஸ்டர் சிரித்தாள். அவளுக்குத் தெரியாது. அப்பா இறந்தது வேறொரு மருத்துவமனையில். கிளினிக்குக்குச் சொல்லப் பலமுறை தொலைபேசி எண்ணை எடுத்து, அழைக்காமலே வைத்துவிட்டாள் ரோஷினி.

"பெட்டிதான் ரிப்பேர்னு நினைக்கிறேன் சிஸ்டர்."

"அதுல இருக்கற பட்டன அமுக்கு. இப்ப ஓடுறது இங்க ஸ்கிரீன்ல எனக்கு அப்படியே தெரியும்."

அமுக்கினாள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஐயோ, என்ன இப்படி ஓடுது! இது பேஸ்மேக்கர் குடுக்கற துடிப்பு இல்லம்மா, அவரோட சொந்தத் துடிப்பு. செக்கப்புல செய்வியே, கையப் பிடிச்சுக்கோ."

செக்கப்பில் கருவியைச் சோதிக்கும்போது அவருக்கு நெஞ்சு படபடக்கும். அப்பா கண்ணை மூடி அவள் கையை இறுக்குவார். "எலும்பு ஒடிஞ்சிடும்பா" என்பாள். "ஒடிஞ்சா என்ன, ஆஸ்பத்திரியிலதானே இருக்கோம்" என்பார். கடைசி நாளில் அவசரப் பிரிவின் கதவருகே அவர் விரல்களை அவள் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மூடிய கதவிடம்தான் சொன்னாள், "இங்கதான் இருக்கேன்பா."

இன்னும் பயப்படுகிறாரா?

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சலவை செய்து விரித்த விரிப்பின்மேல் உள்ளங்கையைத் திறந்து வைத்தாள். குளிர்ந்திருந்தது.

"இங்கதான் இருக்கேன்பா."

கைப்பேசியில் மீண்டும் சிஸ்டரின் குரல்.

"ம்... இறங்குது. பாத்தியா, பொண்ணு கை பட்டாப் போதும். இப்ப நார்மல்."

ரோஷினிக்குக் கண்ணீர் பொங்கியது. சொல்லிவிட வேண்டும்.

"சிஸ்டர், அப்பா..."

கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கப்போனாள்.

கை வரவில்லை.

மெத்தை அமிழவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இழுத்தாள். தைல வாசம். மிக அருகில்.

"கைய எடுக்கறியா? திரும்ப ஏறுது லா. விடாதம்மா. ராத்திரி முழுக்க இப்படியே பிடிச்சுக்கோ. எனக்குக் கிளினிக் மூடற நேரமாச்சு."

இணைப்பு அறுந்தது.

பச்சை விளக்கு. காலடியில் மல்லிகை. வெறும் விரிப்பின்மேல் அவள் விரல்கள் ஒன்றோடொன்று நெரிந்து, ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டே வந்தன.