மந்திரிக்குத் தாகமில்லை

மந்திரி காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவேயில்லை.

மந்திரி என்றதும் நாடாளும் மந்திரி என்று நினைத்துவிடாதீர்கள். இது வட்டக்கச்சியில், மேனுகா வீட்டுக் கொட்டிலில் தாடியை ஆட்டிக்கொண்டு நிற்கும் கிடாய்.

பத்து வயது மேனுகா கொட்டிலைக் கூட்டப் போனபோது, மந்திரி முதுகை வளைத்து முக்கி முக்கி முனகிக்கொண்டு நின்றது.

"வயித்துக்குத்தாயிருக்கும். ஓமத்தண்ணி குடுப்பம்," என்றார் அப்பா சிவகரன்.

"இல்லையப்பா. புழுக்கை போட்டிருக்கிறான். நிலம்தான் நனையேல்லை. டொக்டரைக் கூப்பிடுங்கோ."

மிருக வைத்தியர் ஜெயரூபி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மந்திரியைக் குந்தவைத்து, மேனுகாவைப் பிடிக்கச் சொன்னார். ஊசி போட்டு, சிறுநீர் வழியிலிருந்த அடைப்பை மெல்லமெல்லத் தடவி எடுத்தார். அவர் விரல் நுனியில் கடுகளவு மணல் ஒட்டியிருந்தது. கூடவே இரண்டு சொட்டுச் சிறுநீரும் வந்தது.

"இவனுக்கு என்ன சாப்பாடு?"

"தவிடுதான் டொக்டர். எங்கடை வயல் நெல்லுத் தவிடு. மூண்டு நேரமும் குடுக்கிறனாங்கள்," என்றார் அப்பா பெருமையாக.

"அதுதான் வினை. தவிட்டிலை பொசுபரசு கூட, கல்சியம் குறைவு. ரெண்டும் சமனாயில்லாட்டிச் சலத்துக்குள்ளை மணல் உறைஞ்சு வழியை அடைச்சிடும். இனி இலைகுழையைக் கூடக் குடுங்கோ."

அப்பாவின் பெருமை போன இடம் தெரியவில்லை.

"வழி திறந்திட்டுது. ஆனா மிச்ச மணலும் கழுவுப்பட்டுப் போகவேணும். நிறையத் தண்ணி குடிக்க வையுங்கோ. பின்னேரத்துக்குள்ளை நல்லாய்ப் போகாட்டி உயிருக்கு ஆபத்து. நான் திரும்பி வாறன்."

மேனுகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாளி நிறையத் தண்ணீர் வைத்தார்கள். மந்திரி திரும்பியும் பார்க்கவில்லை. அப்பா அதன் தலையைப் பிடித்து வாளிக்குள் அமுக்கினார். மந்திரி ஒரு முட்டு முட்டியது. அப்பா தலையிலிருந்து கால்வரை நனைந்ததுதான் மிச்சம்.

பிறகு அவர் கொட்டில் வாசலில் குந்திக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல், "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்றார். மந்திரி கொட்டாவி விட்டது.

"நீயும் காலமை தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை. இதையாவது தின்," என்று அம்மா மேனுகாவிடம் மாங்காய்த் துண்டுகளை நீட்டினார். அவசரத்தில் உப்பை அள்ளிப் போட்டிருந்தார். ஒரு துண்டு தின்ற மேனுகா ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்தாள்.

செம்பை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு அப்பாவின் போனைப் பறித்தாள்.

"டொக்டர், மந்திரிக்கு உப்புக் குடுக்கலாமோ? எனக்குத் தாகம் வந்தமாதிரி அவனுக்கும் வருமெல்லோ?"

"ஓம் பிள்ளை, வரும்! எனக்குச் சொல்ல மறந்துபோச்சு. கொஞ்சமாய்க் குடுங்கோ."

மேனுகா குசினிக்கு ஓடி, உள்ளங்கையில் உப்புடன் வந்தாள். மந்திரி மோந்து பார்த்தது. பிறகு சொரசொரத்த நாக்கால் நக்கு நக்கென்று நக்கியது. மேனுகாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் மந்திரி தானாகவே வாளிக்குள் தலையை விட்டது. அரைவாசி வாளி காலியானது.

பின்னேரம் டொக்டர் வந்தபோது, மூன்று பேரும் மந்திரியின் வயிற்றுக்கு அடியையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். டொக்டரும் சேர்ந்துகொண்டார்.

மந்திரி மெல்ல நடந்து அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றது.

சர்ர்ர்ர்ர்!

"அப்பா, உங்கடை கால்!" என்று கத்தினாள் மேனுகா.

அப்பா காலை எடுக்கவேயில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றபடி, "ஒருத்தரும் அசையாதேங்கோ! நிப்பாட்டிப்போடுவான்!" என்றார்.