மேனேஜர் படுத்திருந்த மலை

ரெண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பில் அன்றைக்கு ஒரு முடிகூட இல்லை.

மாடி அறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்ற பொம்மை ரயில் மேஜையின் விளிம்பு நெடுக அவன் அதை ஒட்டியிருந்தான். ஆரஞ்சுத் தோல், அலுமினியத் தாள், தண்ணீர் பீச்சும் பாட்டில் என்று எல்லாவற்றையும் அலட்சியமாகத் தாண்டி வந்த இரண்டு பூனைகளும் டேப்பிடம் தோற்றன. முதலில் கற்றை கற்றையாக முடி ஒட்டியது. பிறகு குறைந்தது. இப்போது சுத்தமாக இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவன் சிரிக்கப்போன நேரத்தில்தான் கவனித்தான்: பூனைகள் அறைக்குள்ளேயே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமை மத்தியான மழை வராந்தாவில் சாரலடிக்க, நனைந்தபடி உட்கார்ந்திருந்தன. அவனைப் பார்க்கவில்லை. மேஜைக் கோடியிலிருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பல் செட் செய்வது அவன் தொழில். மனிதர்களை அவன் முகமாகப் பார்த்ததில்லை. டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சாகத்தான் பார்த்திருக்கிறான். தேய்ந்த வாய், கோணிய வாய், பாதி காலியான வாய். ஒழுங்காக மெல்லக்கூடத் தெரியாத ஜென்மங்கள் என்பது அவர்களைப் பற்றி அவனுடைய முடிவு. செட் தயாராவதற்குள் சிலர் செத்துப்போவார்கள். அவர்களுடைய அச்சுகளைத் தூக்கி எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பிளாஸ்டர் பூசி, பச்சைத்தூள் தூவி மலையாக்கினான். நடுவே ரயில் போக ஒரு குகை. செத்தவன் வாய் இதற்காவது உதவட்டுமே.

அந்தக் குகை வாசலை அடைத்துக்கொண்டுதான் பெரிய பூனை தினமும் தூங்கும். அவன் வேலையை மேற்பார்வை பார்ப்பதுபோல் ஒரு கண்ணைத் திறந்துவைத்திருப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள் மனைவி.

அவள் மழையில் நனைகிற துணிகளை எடுக்க மேலே வந்தாள்.

"மேனேஜர் சரியாவே சாப்பிடலீங்க. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"டேப் ஒட்டினேன். விஷமா வச்சேன்?"

"அந்த மலை சூடா இருக்குன்னு அத ஒட்டிப் படுக்குது. அதுல உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"பிளாஸ்டர் இறுகுறப்பதான் சூடாகும். இது இறுகி வருஷமாச்சு. பூனைக்குத்தான் அறிவில்லன்னா வளக்கறவளுக்கும் இல்ல."

"இருக்கிற அறிவெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும். அதுங்களுக்கு ஏதாவது ஆச்சு, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க ரயில்லயே ஏறி எங்கயாவது போங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. போனால் திரும்பமாட்டாள். அவளை அவன் மதித்ததில்லைதான். ஆனால் அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் வெறுப்பதற்குக்கூட ஆளிருக்காது. அந்த நினைப்பில் அவனுக்குக் குளிரெடுத்தது.

அவள் இறங்கிப் போனதும் சரக்கு ரயிலை ஓடவிட்டான். சக்கரங்களின் மெல்லிய கிர்ர் ஒலி, சூடான மோட்டார் எண்ணெயின் வாசனை, ஜன்னலில் வழியும் மழை. என்ஜின் குகைக்குள் நுழைந்தது, உள்ளே எதையோ உரசுவதுபோல் ஒரு கணம் தயங்கியது, மறுபக்கம் வந்தது. கடைசிப் பெட்டி கோணலாக ஆடிக்கொண்டு வந்தது.

அதன் மூலை நசுங்கியிருந்தது.

"சனியன் பிடிச்ச பூனை" என்று முணுமுணுத்தபடி பெட்டியை எடுத்து விளக்கின் கீழே பிடித்தான். பூனை கடித்தால் ஊசி குத்தியதுபோல் துளை விழும். இது தட்டையாகப் பதிந்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நான்கு தடம். கீழ்வரிசை முன்பற்கள். ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது.

அந்தத் திரும்பிய பல் அவனுக்குத் தெரியும். அந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருக்கிறான்.

மலைமேல் உள்ளங்கையை வைத்தான்.

சூடு. உடம்புச் சூடு.

கீழேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, சின்னதக் காணோம். அங்க வந்துச்சா?"

வாசலைப் பார்த்தான். மேனேஜர் மட்டும் இருந்தது. சற்று முன்வரை அதன் பக்கத்தில் இருந்த சின்னப் பூனை இல்லை.

குகைக்குள் ஏதோ அசைந்தது. ஈரமான, சின்னச் சத்தம். நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல.

உள்ளேதான் போய்த் தொலைந்திருக்கிறது. உள்ளே செத்துக் கிடந்தால் இவள் பெட்டியைக் கட்டிவிடுவாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தான். "வா. வெளிய வா, சனியனே." கையை விட்டான். மணிக்கட்டு வரை. முழங்கை வரை. தண்டவாளம் ஈரமாக இருந்தது. காற்று கதகதப்பாக, இடைவெளிவிட்டு இடைவெளிவிட்டு, விரல்களின்மேல் வந்து போனது.

முடி எங்கேயும் தட்டுப்படவில்லை.

"கிடைச்சிடுச்சுங்க," கீழே அவள் சிரித்தாள். "சமையக்கட்டு அலமாரில தூங்குது, கழுதை."

கையை இழுத்தான்.

வரவில்லை.

மணிக்கட்டின் மேலேயும் கீழேயும் ஏதோ வந்து பொருந்தியது. வலிக்கவில்லை. மெதுவாக அழுத்தியது. விட்டது. கொஞ்சம் நகர்ந்து மறுபடி அழுத்தியது. புது செட்டை முதல்முதலாக மாட்டிக்கொள்கிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள். கடிப்பார்கள். சரியாக உட்காரவில்லை என்று விடுவார்கள். திரும்பக் கடிப்பார்கள்.

இன்னும் உள்ளே, விரல் நுனியில், இன்னொன்று.

முழங்கைக்கருகில் இன்னொன்று.

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மேனேஜர் எழுந்தது, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது, படியிறங்கிப் போனது.

அவன் கண்ணெதிரே, பச்சைத்தூள் தூவிய சரிவில், விரல்நீள மரங்கள் எல்லாம் ஒன்றாக, நிதானமாக ஏறி இறங்கத் தொடங்கின, மென்று தின்னும் ஒருவனுடைய கன்னம்போல.