காலில் ஊற்றிய தண்ணீர்

அரை மணி நேரமாக வெரோனிக்காவை ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை. வெயில் மரத்தலைகளிலேயே தங்கிவிட, இலையழுகிய நாற்றமும் ஈரப் புழுக்கமும் மண்டிக் கிடக்கும் சரவாக்கின் அந்தச் சதுப்புக் காட்டில், கழுத்தையும் கையையும் தட்டிக்கொள்ளாமல் அவள் ஒரு நாளும் குடுவை பறித்ததில்லை. இன்று தவளைகூடக் கத்தவில்லை. தரை முழுக்க, பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள் மட்டும் தண்ணீர் தேங்கிய வாயை மேலே பிளந்துகொண்டு கிடந்தன.

நாளை கவாய், அறுவடைத் திருநாள். குடுவைக்குள் அரிசியும் தேங்காய்ப்பாலும் விட்டு அவித்த சோறு இல்லையென்றால் மாமியார் வாயில் விழுந்து எழ முடியாது. அதனால் நாத்தனார் ஜூலிட்டாவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பறித்த குடுவையின் தண்ணீரை அந்தச் செடியின் அடியிலேயே கவிழ்த்துவிட வேண்டும், அது வேருக்குச் சேர வேண்டியது. அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட இதில் தவறாது.

"அண்ணி, செருப்பு சேத்தோட போச்சு. காலைப் பாருங்க, எருமைக் கால் மாதிரி! அந்தத் தண்ணியைக் கொஞ்சம் இங்க ஊத்துங்களேன்."

"நாளைக்கு உன்னைப் பாக்க வர்றவன் காலைத்தான் பாக்கப் போறானாக்கும்" என்று வெரோனிக்கா சிரித்தாள். சிரித்த வாக்கில் கையிலிருந்த குடுவையை ஜூலிட்டாவின் பாதத்தில் கவிழ்த்தாள். அடுத்ததையும்.

தண்ணீர் சேற்றில் வழியவில்லை. தோலுக்குள் இறங்கியது.

"அண்ணி... கால் வரலை."

"விளையாடாதடி."

"நிஜமா வரலை அண்ணி."

வெரோனிக்கா அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள்; மண்ணுக்கடியில் ஏதேதோ சேர்ந்து இறுகி, பதிலுக்கு இழுப்பது அவள் கைகளுக்கே தெரிந்தது; சுற்றியிருந்த குடுவைகளெல்லாம் லேசாகக் குலுங்கின. நான்தானே ஊற்றினேன். நானேதான்.

"யாராவது வாங்களேன்!"

யாரும் வரவில்லை.

ஜூலிட்டாவின் தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது. பேசுவதற்கல்ல. திறந்துகொண்டே போனது.

தொண்டைக்குள்ளிருந்து தண்ணீர் ஊறியது. தெளிந்த தண்ணீர். உதடுவரை.

வெரோனிக்கா அந்தத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கொட்டினாள். மறுபடி ஊறியது. மறுபடி கொட்டினாள். மறுபடி. கை சோர்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அவளால் ஆகவில்லை.

ஜூலிட்டாவின் கண்கள் மட்டும் கீழே திரும்பி அவளையே பார்த்தன. கெஞ்சின.

கீழுதட்டில் ஓர் எறும்பு ஏறியது. ஓரமாக நடந்தது. வழுக்கி உள்ளே விழுந்தது.

ஜூலிட்டா விழுங்கினாள்.