கணப்பை மூடிய பலகை

இரண்டாவது துளையிலிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

கிளிஃபர்ட் டிரில்லிங் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளங்கையைத் துளையருகே வைத்துப் பார்த்தார். டிசம்பர் மாதம், இங்கிலாந்தின் லங்காஷயர் மலைச்சரிவில் வரிசை வீடு, ஜன்னல் கண்ணாடியில் ஆலங்கட்டி சடசடத்துக்கொண்டிருந்தது. பழைய கணப்பின் வாயைப் பலகையடித்து மூடி இரண்டு நாள்தான் ஆகிறது. பலகைக்குப் பின்னால் இருப்பது கூரை வரைக்கும் வெறும் புகைபோக்கி. அதிலிருந்து எலும்பைக் குத்தும் குளிர் அல்லவா வரவேண்டும்? வந்ததோ யாரோ வாயை வைத்து ஊதியது போன்ற சூடு. கொஞ்சம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"என்னய்யா, சுவத்தைத் தடவிக்கிட்டு நிக்கிற? உன் பொண்ணு வர்ற நேரமாச்சு" என்றார் கார்டன். பக்கத்து வீட்டுக்காரர். எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"காத்து சூடா வருதுய்யா."

"உன் கைதான் ஐஸா இருக்கு. பிராக்கெட்டைப் பிடி."

கார்டன் எதையும் அவசரமாகச் செய்கிற ஆளில்லை. சுவருக்குள் வயரோ குழாயோ ஓடுகிறதா என்று கருவியை வைத்து ஒரு அங்குலம் விடாமல் தேடினார். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டார். வெறும் பலகையில் மாட்டினால் ஒரு நாள் காலில் விழும் என்று பிராக்கெட்டை உள்ளேயிருந்த மரச்சட்டத்தில் திருகினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, புதிதாக வாங்கிய மின்சாரக் கணப்பை மாட்டினார்கள். ஃப்யூஸ் வைத்த தனி ஸ்விட்சில் வயரைச் சேர்த்ததும் கண்ணாடிக்குப் பின்னால் பொய்த் தீ அழகாக எரிந்தது.

"புகை கிடையாது, கேஸ் கிடையாது. உன் பேரன் இதுக்கு முன்னாடி நிம்மதியாத் தூங்கலாம்" என்றார் கார்டன். பலகையின் அடியில் புத்தக அளவுக்கு ஒரு துளை அறுத்தார். "இதுக்கு ஒரு சல்லடை வேணும். புகைபோக்கி மூச்சு விடணும், இல்லேன்னா சுவரெல்லாம் ஓதம் ஏறிடும். எங்கிட்ட ஒண்ணு கிடக்கு, எடுத்துட்டு வந்துடறேன்."

வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டது. கிளிஃபர்ட் தனியானார்.

முந்தைய கணப்பு கேஸில் எரிவது. அதற்காக வைத்த காற்றுத் துளையில் பனிக்காலத்தில் செய்தித்தாளைச் சுருட்டி அடைப்பது அந்தத் தெருவில் எல்லாரும் செய்வதுதான். கிளிஃபர்டும் அடைத்தார். புகைபோக்கியின் உச்சியில் காக்கை கூடு கட்டியிருந்தது அவருக்குத் தெரியாது. போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மனைவி நோரீன், "தலை வலிக்குது கிளிஃப், ஜன்னலைக் கொஞ்சம் திறயேன்" என்றாள். "இந்தக் குளிர்லயா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று சொல்லிவிட்டு, கார்டன் வீட்டுக்கு ஃபுட்பால் பார்க்கப் போனார். பத்து மணிக்குத் திரும்பியபோது அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் ரோஜாப்பூவாகச் சிவந்திருந்தன. பல மாதம் நோயில் வெளுத்துக் கிடந்த முகம். இன்றைக்காவது நன்றாகத் தூங்குகிறாளே என்று சந்தோஷப்பட்டார். கணப்பை அணைத்து, கம்பளியைப் போர்த்தி, சத்தமில்லாமல் மாடிக்குப் போய்ப் படுத்தார். காலையில் அவள் உடல் சில்லிட்டிருந்தது; வெளியேற வழியில்லாத கேஸ் புகை விஷமாகிக் கொன்றுவிட்டது, கன்னத்துச் சிவப்பும் அந்த விஷம்தான் என்றார் டாக்டர். போர்த்தும்போது அவளுக்கு உயிர் இருந்ததா என்று டாக்டரிடம் அவர் கேட்கவே இல்லை. கேட்கத் துணிவில்லை.

அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமை, மகள் ஹேசல், தான் உண்டாகியிருப்பதைச் சொல்ல வந்தாள். சொல்வதற்கு அம்மா இல்லை. "அந்த வீட்டுக்குள்ள என் பிள்ளையைத் தூக்கிட்டு வரமாட்டேன்பா" என்று பிறகு சொன்னாள். பேரனுக்கு மூன்று மாதமாகிறது. கிளிஃபர்ட் இன்னும் அவனைத் தொட்டதில்லை. எல்லாம் பத்திரமாகிவிட்டது என்று கார்டன் போனில் சத்தியம் செய்த பிறகுதான் இன்று வருகிறாள்.

துளைக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

சின்ன, வறண்ட இருமல். பக்கத்து அறையில் ஆள் தூங்கும்போது எழுப்பிவிடக்கூடாதென்று அடக்கும் இருமல். நாற்பத்தோரு வருஷம் கேட்ட இருமல். கரியும் ஈரமும் கலந்த வாடையோடு, அவள் கைக்குப் பூசும் லாவண்டர் களிம்பின் மணமும் வந்தது.

"நோரீன்?"

"தலை வலிக்குது கிளிஃப்."

அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. ஓடினார். முன்ஜன்னலைத் திறந்தார். பின்ஜன்னல். சமையலறைக் கதவு. ஆலங்கட்டி தரைவிரிப்பில் வந்து விழுந்தது. "திறந்துட்டேன்மா, எல்லாத்தையும் திறந்துட்டேன்" என்று தரையில் குப்புற விழுந்து துளைக்குள் கையை விட்டார். மணிக்கட்டு. முழங்கை. தோள்.

விரல்கள் வந்து அவர் கையைப் பிடித்தன. சூடான விரல்கள்.

இழுத்தார். வரவில்லை. விடவுமில்லை. அவர் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது, அதன் பின்னாலேயே ஒரு இதமான தூக்கம். இத்தனை காற்றிலும் தூக்கம்.

வாசலில் கார் நின்றது. ஹேசலின் குரல். "ஐயோ, என்னப்பா இது, எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சிருக்கீங்க? பிள்ளைக்குக் குளிராதா?"

சாத்தாதே என்று கத்த நினைத்தார். நாக்கு புரளவில்லை.

பின்ஜன்னலைச் சாத்தும் சத்தம். சமையலறைக் கதவைச் சாத்தும் சத்தம். அறைக்குள் வந்தவள் அவர் கிடந்த கோலத்தைக் கண்டு, "ஓட்டைக்குள்ள என்ன தேடுறீங்க? ஜலதோஷம் பிடிக்கப் போவுது" என்று சிரித்துக்கொண்டே, பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி முன்ஜன்னலையும் இழுத்து மூடினாள். ஆலங்கட்டிச் சத்தம் அடங்கியது.

வெளியே போ. போ, கண்ணே.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இதோ பாருடா, உங்க தாத்தா" என்று ஹேசல் அவர் பக்கத்தில் மண்டியிட்டுப் பிள்ளையைத் தாழ்த்தினாள். கிளிஃபர்டின் கையைப் பிடித்திருந்த பிடி தளரவில்லை. அவர் தோளை உரசிக்கொண்டு, துளையிலிருந்து இன்னொரு கை மெல்ல வெளியே வந்தது. கரி படிந்த கம்பளிச் சட்டைக் கை. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது, பச்சைப்பிள்ளையின் தலையைத் தாங்கக் குழித்து.