பாலுக்கு முன்னும் பின்னும்

நர்ஸ் வந்தபோது மழை பிடித்திருந்தது. தராசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பழைய வீட்டின் மாடிப்படிகளில் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"வாடகை குறைச்சல்னு இவ்வளவு உயரத்திலயா குடி வருவீங்க? பிள்ளையைப் பார்க்க வந்து நானே படுத்துடுவேன் போலிருக்கு."

தாய் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து எல்லாமே அவளுக்குப் பஞ்சுப் பொதிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலத்தான் இருந்தது. ஒன்று மட்டும் விடாமல் அரித்தது. பிள்ளைக்கு வயிறு நிறைகிறதா?

"மார்ல வாய் வச்சதும் தூங்கிடுறா, சிஸ்டர். புட்டியைக் கொடுத்தா துப்புறா. எனக்குப் பால் இருக்கிற மாதிரியே தெரியலை."

"துணி நனைக்கிறாளா?"

"நல்லா நனைக்கிறா. அதுதான் புரியலை."

நர்ஸ் வழி சொன்னாள். பால் கொடுக்கும் முன் ஒரு எடை, கொடுத்த பின் ஒரு எடை; நடுவில் துணி மாற்றக் கூடாது. கூடியது எவ்வளவோ, அவ்வளவுதான் குடித்தது.

முதல் எடை பார்த்தார்கள். தாய் பிள்ளையை மார்போடு அணைத்தாள். சின்ன வாய் சும்மா ஒட்டிக் கிடந்தது. விரல்கள் இறுக மூடியிருந்தன.

"வயிறு நிறைஞ்சா கை தானா விரியும் பாரு," என்றாள் நர்ஸ்.

விரியவில்லை. இரண்டாவது எடை இம்மியும் கூடவில்லை.

நர்ஸின் கேலி அதோடு நின்றது. கரண்டியால் ஊட்டிப் பார்க்கலாம் என்று பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, இருவரும் சமையலறைக்குப் போய் மாவுப்பாலுக்கு வெந்நீர் வைத்தார்கள். தண்ணீர் கொதித்தது. வெளியே மழை. இரண்டுக்கும் அடியில் இன்னொரு ஓசை.

க்ளக்.

நர்ஸ் அடுப்பை அணைத்தாள்.

க்ளக். க்ளக்.

யாரோ மடக்கு மடக்காக விழுங்கும் சத்தம்.

இருவரும் அறைக்கு ஓடினார்கள். பிள்ளையைத் தவிர அங்கே யாரும் இல்லை. தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாடையோடு பச்சைப்பால் வாசம். பிள்ளையின் கடைவாயில் வெள்ளையாக ஒரு துளி.

கைகள் இரண்டும் விரிந்திருந்தன.

நர்ஸ் எடை பார்த்தாள். கூடியிருந்தது. பிள்ளையைத் திரும்பத் தொட்டிலில் கிடத்திவிட்டு, சமையலறையிலிருந்து ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தாள். தராசில் ஒரு குறையும் இல்லை.

"பிள்ளையைத் தூக்கு, கண்ணு," என்று கிசுகிசுத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"அங்கதானே இருந்தோம், சிஸ்டர். அங்கதான் இளைச்சுப் போனா. இந்த வீட்டுக்கு வந்துதான் தேறினா."

"உன் வீட்டுக்காரரைக் கூப்பிடுறேன், அதுக்குள்ள கிளம்பி நில்லு," என்று நர்ஸ் செல்போனோடு படியிறங்கி ஓடினாள்.

தாய் தொட்டில் பக்கம் குனிந்தாள். தூக்க நீட்டிய கை பாதியில் நின்றது. பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்துக் காலை உதைத்தது. பயம் வரும் என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏப்பம் எடுத்துவிடுங்க," என்றாள் கதவிடம். "இல்லன்னா கக்கிடுவா."

உள்ளே தொட்டில் கிரீச்சிட்டு நின்றது.

தட். தட். முதுகில் பதமாகத் தட்டும் ஓசை.

பிறகு, சின்னதாக ஓர் ஏப்பம்.