பேர் கொடுத்தவன்

கொடிக்காலுக்குள் நுழையும் முன் பரஞ்சோதி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார். அகத்தி மரத்தடியில் கிடக்கும் தட்டைக் கல்லின்மேல் வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கல்லின்மேல் ஏற்கெனவே ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

டயர் அறுத்துத் தைத்த செருப்பு. ரப்பர் தோட்டத்தின் இந்த மேல் டிவிசனில் ஆள் நடமாட்டம் நின்று இரண்டு வருஷமாகிறது. அத்தனை நாள் மழையில் கிடந்தது என்றால் பாசி பிடித்திருக்கும், கரையான் ஏறியிருக்கும். இதில் குதிகால் பட்ட இடத்தில் சேறு இன்னும் காயவில்லை.

"யாரது?" என்றார். குரல் இரண்டடி போய் இலைகளில் ஒட்டிக்கொண்டது.

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் என்றால் இந்நேரம் பிடரியில் துப்பாக்கி முனை பட்டிருக்கும். பட்டாளத்துக்காரன் பூட்ஸைக் கழற்றிவிட்டா உள்ளே போவான்? கொடி என்பது அம்மன், மிதியடியோடு மிதித்தால் வாடிப்போகும் என்று தெரிந்தவன் நம் ஆள்தான். இந்த வெற்றிலைக் கொடிக்காலைப் போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் பரஞ்சோதி. இன்னொருவன் இருளப்பன்.

அந்தப் பேரை அவர் மேற்கொண்டு நினைக்கவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் விடிந்தால் ஜித்ராவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மகள் புஷ்பவள்ளிக்குப் பரிசம் போட. சாலையில் காட்டுக்காரர்கள் லாரியைக் கொளுத்தியதிலிருந்து ஒரு வாரமாகச் சரக்கு வரவில்லை. கோலா கெத்தில் டவுனில் அப்துல் சமது கடையில் வெற்றிலைக் கூடை காலி. "வெத்தலை மாத்தாம என்ன பரிசம்? ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போச்சு" என்று மனைவி செல்லாயி காலையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். புல் அறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அரிவாளும் கோணியுமாக அவர் கிளம்பி வந்ததும் அதனால்தான். முள்வேலிக் குடியிருப்பின் வாசலில் காவல் நிற்கும் யஹ்யா, காட்டுக்காரர்களுக்கு அரிசி ஏதும் ஒளித்துக் கொண்டுபோகிறாரா என்று கோணியை உதறிப் பார்த்தபின்தான் விட்டான்.

"ஆறு மணிக்குப் பெரட்டு அண்ணே. பேர் படிச்சு முடிஞ்சதும் பாகார் கதவைப் பூட்டிருவேன் லா. அப்புறம் வெளிய நிக்கிறது நம்ம அண்ணன்தான்னு காவல் கோபுரத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது, சுட்டுருவான்."

"தெரிஞ்சா மட்டும் டீ வாங்கிக் குடுப்பானா?"

"டீ நான் வாங்கித் தர்றேன். ஆறுக்குள்ள வாங்க."

பரஞ்சோதி தன் செருப்பை அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வெறுங்காலோடு உள்ளே இறங்கினார்.

உள்ளே வெயில் இல்லை. வரிசை வரிசையாக நின்ற அகத்தி மரங்களில் கொடி தலைக்குமேல் ஏறிப் பின்னிக் கிடந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அந்தச் சந்துகளில் பச்சை இருட்டும், நனைந்த மண்ணின் வாடையும், வெற்றிலையின் காரம் கலந்த குளிர்ந்த மணமும் தேங்கி நின்றன. எங்கோ வாய்க்காலில் தண்ணீர் முணுமுணுவென்று ஓடுவது கேட்டது. பத்தடி நடந்தபிறகுதான் அது அவருக்கு உறைத்தது. வாய்க்காலில் தண்ணீர் தானாக ஓடாது. மேட்டில் மடையை யாராவது திறந்துவிட வேண்டும்.

களையும் இல்லை. இரண்டு வருஷத்தில் லாலான் புல் இடுப்புக்கு வளர்ந்திருக்க வேண்டிய தரை, பெருக்கி வைத்த வாசல்போல் இருந்தது. அருகில் இருந்த கொடியைத் தொட்டுப் பார்த்தார். மரத்தோடு கொடியை வாழை நாரால் கட்டியிருந்தது. நார் இன்னும் பச்சையாக இருந்தது. முடிச்சு இடப்பக்கமாகத் திருகி, நுனி உள்ளே செருகியிருந்தது.

இருளப்பன் இடக்கைக்காரன்.

தோட்டத்தில் விடிகாலை ஐந்து மணிக்குப் பெரட்டு. கணக்கெழுதும் கிராணி பேர் படிப்பார், ஆள் "இருக்கேன்யா" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. இருளப்பன் தினமும் பிந்துவான். எழுந்ததும் கொடிக்காலுக்கு ஓடி மடையைத் திறந்துவிட்டுத்தான் வருவான். அவன் பேர் படிக்கும்போது இருட்டில் பின்னால் நின்று பரஞ்சோதி "இருக்கேன்யா" என்பார். ஒருவனுக்காக இன்னொருவன் பேர் கொடுப்பது லயத்து வீடுகளில் எல்லாரும் செய்கிற ஒத்தாசைதான்.

"நான் செத்தாலும் பேர் குடுத்துரு மாமா. கிராணிக்கு வித்தியாசமா தெரியப் போவுது?" என்று இளித்துக்கொண்டு வந்து நிற்பான் இருளப்பன். "ஒரு நாளைக்கு உனக்கு நான் குடுக்கிறேன்."

அவசரகாலச் சட்டம் வந்த மூன்றாம் வருஷம், ஒரு விடியற்காலையில் பட்டாளம் வந்து மேல் டிவிசனைச் சுற்றிக்கொண்டது. காட்டுக்காரர்களுக்குச் சோறு போகிறதாம், எல்லாரும் கீழே முள்வேலிக்குள் குடி போக வேண்டுமாம். சட்டிபானையை அள்ளுவதற்குள் லாரி உறுமியது. லாரி வெளிச்சத்தில் கிராணி பேர் படித்தார். "இருளப்பன்!" அவன் மடை திறக்கப் போயிருந்தான். பரஞ்சோதி யோசிக்கவே இல்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. "இருக்கேன்யா."

லாரி பாலத்தைத் தாண்டியபோதுதான் அவர் கூட்டத்தில் அவனைத் தேடினார். அவன் ஏறவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பொய்ப் பேர் கொடுத்து ஆளைக் காட்டுக்கு அனுப்பினாயா என்று பட்டாளத்தான் கேட்டால்? தோளில் சாய்ந்து மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள்மேல் துண்டைப் போர்த்திவிட்டார். அன்றைக்குப் பகலில் பழைய லயத்தைக் கொளுத்திய புகை தெரிந்தது. கொடிக்கால் பக்கம் மூன்று துப்பாக்கி வெடி கேட்டது. ஒரு மாசம் கழித்து, இருளப்பன் காட்டுக்கு ஓடிவிட்டான் என்று எழுதிப் பேரை அடித்துவிட்டார்கள்.

பரஞ்சோதி வேகமாக இலை கிள்ளத் தொடங்கினார். பெருவிரல் நகத்தைக் காம்பில் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். டிக். டிக். கோணியின் அடி நிறைந்தது. நூறு இலை போதும், போய்விடலாம். டிக்.

அடுத்த சந்தில், டிக்.

கை நின்றது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டார். இலைக்குள் எதிரொலி எங்கிருந்து வரும்? ஒன்று கிள்ளினார். அந்தப் பக்கமும் ஒன்று. இரண்டு கிள்ளினார். இரண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

அந்தப் பக்கம் நிற்கவில்லை. டிக், டிக், டிக் என்று பழகின கை போல நிதானமாக, கொடி ஓரத்திலேயே நகர்ந்து, அவர் நின்ற இடத்துக்கு நேராக வந்தது. அங்கே நின்றது. இலைகளின் இடுக்கில் ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டிய வெளிச்சமும் தெரியவில்லை. அங்கே ஏதோ அதை மறைத்துக்கொண்டு நின்றது. வெற்றிலைக் காரத்தின் நடுவே இன்னொரு வாடை வந்தது. கருகின துணி. ஈரக் கரி.

"இருளப்பா" என்றார். "தெரியாமச் சொல்லிட்டேன்டா. வாய் தவறிருச்சு. பிள்ளைக்குப் பரிசம்டா நாளைக்கு. விட்ருடா."

கொடி மெதுவாக விலகியது. ஒரு கட்டு வெற்றிலை இந்தப் பக்கம் வந்து விழுந்தது. நன்றாகக் கழுவி, வாழை இலையில் சுற்றி, நாரால் கட்டியிருந்தது. முடிச்சு இடப்பக்கம்.

அவர் அதைத் தொடவில்லை. கோணியைப் போட்டுவிட்டு ஓடினார்.

சந்து முடியவில்லை. வந்தபோது முப்பது மரம்தான் இருந்தது. இப்போது மரத்துக்குப் பின் மரம். கொடி முகத்தில் அடித்தது. நார் காலைத் தடுக்கியது. பின்னால் யாரும் துரத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. யாரோ அவரை முந்திக்கொண்டு, அடுத்த சந்தில் லேசாக ஓடிப்போகிற காலடி.

வெறுங்கால்.

வாசல் தெரிந்தபோது சாயங்கால வெயில் ரப்பர் மரங்களின் உச்சிக்கு ஏறியிருந்தது. நாலரைக்கு வந்தவர். எத்தனை நேரம் உள்ளே நின்றார்? கல்லைப் பார்த்தார்.

அவர் செருப்பு இல்லை.

பழைய ஜோடி மட்டும் இருந்தது.

கீழே சங்கு ஊதியது. ஆறு மணி.

கொடிக்கால் மேட்டிலிருந்து பார்த்தால் முள்வேலி கூப்பிடு தூரம்தான். நடுவே சதுப்பு. அதைச் சுற்றிப் போக முக்கால் மணி நேரம் ஆகும். வேலி வாசலில் சனம் வரிசையாக நின்றது. தகரக் குழாயை வாயில் வைத்துக் கிராணி பேர் படித்தார். அந்தி நேரத்தில் சத்தம் தண்ணீர்மேல் தெளிவாக ஏறி வந்தது.

"தர்மலிங்கம்!"

"இருக்கேன்யா."

"காளியம்மா!"

"இருக்கேங்க."

"பரஞ்சோதி!"

அவர் வாயைத் திறந்தார். காற்றுக்கூட வரவில்லை.

"இருக்கேன்யா."

கீழே கேட்டது. அவருடைய குரல். நெஞ்சுச் சளியோடு, கடைசி எழுத்தை இழுக்கிற அவருடைய குரலேதான். வரிசையின் கடைசியில் ஓர் ஆள் நின்றது. அவர் சட்டை. அவர் கோணல் தோள். தலையில் கோணி. யஹ்யா ஏதோ சொல்லிச் சிரித்தான், அதுவும் சிரித்தது. புஷ்பவள்ளி ஓடி வந்து கோணியிலிருந்து வாழை இலைக் கட்டை எடுத்தாள். அதை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாச்சு" என்றார் கிராணி.

வாசலை இழுத்துச் சாத்தினான் யஹ்யா. சங்கிலி விழுந்தது.

செல்லாயி முன்னால் நடந்தாள். அது மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு பின்னால் போனது. இடக்கை. லயத்துத் திருப்பத்தில் ஒருமுறை நின்று, மேட்டைத் திரும்பிப் பார்த்தது.

விளக்கு வெளிச்சத்தில் மறைந்தார்கள்.

பரஞ்சோதி கீழே பார்த்தார். அவர் காலை நுழைக்கவில்லை. கால்கள் அந்த டயர் செருப்புக்குள் இருந்தன. சரியாக இருந்தன. கதகதப்பாக இருந்தன.

பின்னால், இருண்டுபோன கொடிக்காலுக்குள்ளிருந்து யாரோ பேர் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு பேர்தான்.

"இருளப்பன்!"

பல்லைக் கடித்தார். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார்.

"இருளப்பன்!"

விரலிடுக்கில், பழக்கத்தில், அவர் வாய் சொன்னது.

"இருக்கேன்யா."