கூரையில் மணப்பெண்

கூரையில் நேற்று வாயை மூடிச் சிரித்த மகளின் படம் இன்று லேசாக வாயைத் திறந்திருந்தது. திருத்தணி மலையடிவாரத்தில் தான் கட்டிய கல்யாண மண்டபத்தின் நடுவில் அண்ணாந்து நின்ற பஞ்சாட்சரம், முதலில் ஹேமநாதனைத்தான் திட்டினார். பேனர் எழுதுகிற பயல். உதடு வரையத் தெரிந்தவன் ஏன் கட்சிக்காரனுக்கு மீசை வரைந்து பிழைக்கப் போகிறான்?

அந்த ஒரு முகம் மட்டும்தான் ஹேமநாதனுடையது. மீதிக் கூரை முழுவதும் வில்லெம் என்ற ஹாலந்துக்காரனின் வேலை. பாட்டன், அப்பன், இவன் என்று பணக்காரர் வீட்டுக் கூரைகளில் வானம் வரைந்தே சாப்பிட்ட குடும்பம். சாரத்தில் மல்லாந்து கிடந்து கிடந்து அவனுக்குக் கழுத்து பின்னால் சாய்ந்துவிட்டது. தெருவில் நடக்கும்போதும் மொட்டை மாடிகளைப் பார்த்தபடிதான் நடப்பான். கோயில் கூரைகளைப் பார்க்க வந்தவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் தங்கி, தமிழும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தான். பஞ்சாட்சரத்துக்கு ஓவியத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பள்ளிப்பட்டில் அவருடைய சகலை கட்டிய மண்டபத்தில் வெள்ளைக்காரன் கைவேலை கிடையாது. அவருக்கு அது போதும்.

வில்லெம் துணியில் வரைந்து, அதை மேலே ஒட்டி, சாரத்தில் படுத்து மெருகேற்றினான். கூரை பிளந்து வானம் தெரிகிற மாதிரி. வானத்தைச் சுற்றி ஒரு கைப்பிடிச் சுவர். அதில் சாய்ந்து கீழே எட்டிப் பார்க்கும் ஆட்கள். ஆட்களுக்காக, அந்த வீட்டில் இறந்தவர்களின் போட்டோ மட்டும் கேட்டான். அம்மா அன்னம்மாளின் படம் இருந்தது. அக்கா ரத்தினம்மாளுக்குப் படமே இல்லை. நிலம் பிரிந்துவிடும் என்று கடைசிவரை கட்டிக்கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துச் சாகவிட்ட அக்காவை யார் போட்டோ எடுத்தார்கள்? வாக்காளர் அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அதற்குள் மகள் தேவிப்பிரியாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. வாசல் பேனரில் போடுவது போலவே கூரை நடுவிலும் மகள் முகம் வேண்டும் என்றார் பஞ்சாட்சரம். வில்லெம் தூரிகையைக் கீழே வைத்தான்.

"மேலே போனவங்க மட்டும்தான் மேலே. எங்க அப்பா காலத்துலேயும் அப்படித்தான். உயிரோட இருக்கறவங்களுக்கு அங்கே இடம் குடுக்கக் கூடாது."

"பொறந்த நாளுக்கே மூஞ்சிய பேனர்ல போட்டுகினு இருக்கோம். எவன் செத்தான்? சொன்னத வரைங்க, இல்லாங்காட்டி ரயிலேறுங்க."

வில்லெம் ரயிலேறினான். ஹேமநாதன், அன்னம்மாளுக்கும் ரத்தினம்மாளுக்கும் நடுவே இருந்த வெறும் வானத்தில் தேவிப்பிரியாவை வரைந்தான். பேனரில் இருந்த அதே சிரிப்பு, அதே பொட்டு.

இன்று சாயங்காலம் வரவேற்பு. நாற்காலி போடுகிறவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பின்கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தும், சாயத்தில் குழைத்த, இன்னும் காயாத ஆளிவிதை எண்ணெயின் நாற்றம் அதையும் மீறி மூக்கில் ஏற, மின்விசிறிகளின் கடகடப்புக்கு நடுவே, மேலே எங்கோ துணியை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்தார். விசிறிகளை நிறுத்திப் பார்த்தார். சுரண்டல் நிற்கவில்லை.

மறுபடி அண்ணாந்தார். மகளின் வாய் இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. ரத்தினம்மாளின் கை கைப்பிடிச் சுவரின் மேல் இல்லை. மகளின் தோள்மேல் இருந்தது. அவருக்கு மகள் என்றால் உயிர். உலகத்தில் அவர் ஏளனமாகப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

அழகு நிலையத்தில் இருந்த மனைவிக்குப் போன் போட்டார். பெண் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாம் வெட்கம்தான் என்று மனைவி சிரித்தாள். மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. இந்தப் பொம்பளைகளுக்கு எதுவும் புரியாது என்று முனகிக்கொண்டே வைத்துவிட்டார்.

கார் வந்து நின்றது. தேவிப்பிரியா இறங்கி உள்ளே வந்தாள். பட்டுப்புடவை சரசரக்கவில்லை. வாயை மூடிய சிரிப்பு. கண் இமைக்கவில்லை.

"இன்னாம்மா? ஒடம்பு சரியில்லையா?"

சிரிப்பு மாறவில்லை. கன்னத்தைத் தொட்டார். ஈரம். விரலில் நிறம் ஒட்டியது.

"நைனா."

அவள் உதடு அசையவில்லை. குரல் மேலேயிருந்து வந்தது.

"நைனா, இங்க இருட்டா கீது. என்னைக் கீழ எறக்கு."

பஞ்சாட்சரம் ஏணி கேட்டுக் கத்தினார். சாரத்தை நேற்றே பிரித்தாயிற்று. உறவுக்காரர்கள் உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். அவர் கை காட்டிய பக்கம் எல்லோரும் அண்ணாந்தார்கள். குரல் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. செல்போன்கள் உயர்ந்தன. சகலைகூட, உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறதே என்று வாயைப் பிளந்தார். பொண்ணைப் பிரிகிற துக்கம் என்று யாரோ பஞ்சாட்சரத்தைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மனைவி, கீழே சிரித்துக்கொண்டே நின்ற அதன் தலையில் பூ வைத்தாள்.

மேளம் தொடங்கியது.

மேலே தேவிப்பிரியா அலறிக்கொண்டிருந்தாள். ரத்தினம்மாளின் கை அவள் தோளிலிருந்து மெல்ல நகர்ந்து, அவள் வாயைப் பொத்தியது.